லேக்கர்ஸுக்குக் குறைந்தது உயரமா, எடையா? சென்டர் இல்லாத அணியில் ஓட்டை எங்கே விழுகிறது

கொழிஞ்சாம்பாறை_5

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான NBA-வின் 2025 நாக்-அவுட் கட்டத்தில், மினசோட்டாவிடம் முதல் சுற்றில் லேக்கர்ஸ் 4-1 என்று தோற்றதைப் பற்றிப் பேச்சு வந்தால் "சென்டர் இல்லை, தோற்றார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வரி சரிதான். ஆனால் சென்டர், அதாவது ரிங்குக்குப் பக்கத்தில் ஆடும் பெரிய ஆள், இல்லாத அணி எந்த இடத்தில், எந்த நொடியில் அடி வாங்குகிறது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

5-வது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கணக்கில் 2025 மே 1 காலை. 103-96. மினசோட்டாவின் சென்டர் ரூடி கோபேர் 27 புள்ளி, 24 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது). மினசோட்டா அன்று எறிந்த த்ரீ (தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்) 47, விழுந்தது 7. நாற்பது த்ரீயைத் தவறவிட்ட அணி, எதிராளியின் சொந்த கோர்ட்டிலேயே தொடரை முடித்துக்கொண்டு கிளம்பியது.

பின்னணி தெரியாதவர்களுக்கு: பிப்ரவரி தொடக்கத்தில் ஆன்டனி டேவிஸைக் கொடுத்து லூகா டான்சிச்சை வாங்கினார்கள். சென்டர் இடம் காலியானது. அதே வாரம் சார்லட் அணியின் மார்க் வில்லியம்ஸுக்குப் பேரம் முடிந்தது. விலை டால்டன் நெக்ட், கேம் ரெடிஷ், புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் 2031 முதல் சுற்றுத் தேர்வு, 2030-இல் தேர்வை மாற்றிக்கொள்ளும் உரிமை. மருத்துவப் பரிசோதனை திருப்தியில்லை என்று பேரத்தை ரத்து செய்தார்கள். அதற்குள் பிப்ரவரி 6 கெடு போய்விட்டது. கெடுவுக்குப் பின் ஆளுக்கு ஆள் மாற்ற முடியாது, வேறு அணி விடுவித்தவரையோ அணியில்லாமல் இருப்பவரையோ மட்டுமே எடுக்கலாம். அப்படி வந்தவர் அலெக்ஸ் லென்.

லென் 7 அடி. இன்னொரு சென்டர் ஜாக்சன் ஹேஸும் 7 அடி. இரண்டு ஏழடி ஆள் இருக்கும் அணியில் "உயரம் இல்லை" என்றால் அதற்கு என்ன பொருள்?

வண்ணாமடை கிழக்கு

சென்டரை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை அண்ணா. 2015 இறுதிச் சுற்றில் கோல்டன் ஸ்டேட் 2-1 என்று பின்தங்கி நின்றபோது, 4-வது ஆட்டத்தில் சென்டர் போகட்டை உட்கார வைத்து, அவரைவிடக் குட்டையான இகுடாலாவைத் தொடக்க ஐவரில் இறக்கினார்கள். 6 அடி 6 அங்குல டிரேமண்ட் கிரீன்தான் சென்டர். மூன்று ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார்கள்.

லேக்கர்ஸ் தோல்விக்குக் காரணம் களைப்பு. 4-வது ஆட்டத்தின் இரண்டாம் பாதி 24 நிமிடமும் அதே ஐந்து பேர்: லெப்ரான், லூகா, ரீவ்ஸ், ஹாச்சிமுரா, ஃபின்னி-ஸ்மித். ஒரு மாற்றம்கூட இல்லை. கடைசிக் கால்பகுதிக்குள் 10 புள்ளி முன்னிலையோடு போய், அதை 32-19 என்று இழந்து, 116-113-இல் தோற்றார்கள். அப்போது லெப்ரானுக்கு வயது 40. கால் ஓய்ந்தால் குதிக்க முடியாது, குதிக்காவிட்டால் ரீபவுண்ட் வராது.

கொழிஞ்சாம்பாறை_5

களைப்பு உண்மை. அந்த ஐந்து பேரும் ஏன் உட்கார முடியவில்லை? பெஞ்சில் இருந்த சென்டரை நம்பி இறக்க முடியவில்லை. ஹேஸ் அந்தப் பாதியில் இறங்கவில்லை, அடுத்த ஆட்டத்திலும் இறங்கவில்லை. சென்டர் குறைதான் களைப்பாக மாறி வந்து நின்றது.

கோல்டன் ஸ்டேட் கதையை 2015-இல் நிறுத்தாமல் அடுத்த ஆண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2016 இறுதிச் சுற்றில் 3-1 முன்னிலை. 5-வது ஆட்டத்துக்கு கிரீனுக்குத் தடை, அதே ஆட்டத்தில் போகட்டுக்கு முழங்கால் அடி. அதற்குப் பிறகு எதிரணியின் பெரிய ஆள் ட்ரிஸ்டன் தாம்ப்ஸன் உள்ளே புகுந்து வேலை செய்தார், கிளீவ்லேண்ட் கோப்பையை எடுத்தது. சின்ன ஐவர் அணி ஒரு ஆயுதம். பின்னால் பெரிய ஆள் இருக்கும்போது 10, 15 நிமிடத்துக்கு எடுக்கிற ஆயுதம். வேறு வழியில்லாமல் 48 நிமிடமும் அதையே பிடித்துக்கொண்டு நிற்பது வேறு.

ஹூஸ்டன் 2020-இல் அதைச் செய்து பார்த்தது. பிப்ரவரியில் சென்டர் கப்பேலாவை விட்டுவிட்டு, 6 அடி 5 அங்குல பி.ஜே. டக்கரைச் சென்டராக்கி முழுநேரமும் ஆடியது. இரண்டாம் சுற்றில் 4-1 தோல்வி, அதுவும் டேவிஸ் இருந்த இதே லேக்கர்ஸிடம்.

மீனாட்சிபுரம்_போஸ்ட்

தம்பி, "இரண்டு ஏழடி ஆள் இருந்தும் ஏன்" என்ற கேள்விக்கு வருகிறேன். அணிப் பட்டியல்படி ஹேஸ் சுமார் 100 கிலோ, கோபேர் சுமார் 117. உயரம் பந்து காற்றில் இருக்கும்போதுதான் உதவும். எடையும் இடுப்பும் அதற்கு முன்னால், எந்தத் தரையில் யார் நிற்பது என்பதைத் தீர்மானிக்கின்றன. தரை போய்விட்டால் குதிக்க இடமே இருக்காது.

ஆனால் 24 ரீபவுண்டுக்கு எடையும் முழுக் காரணம் இல்லை. ரீபவுண்ட் ஷாட் போடும்போது போவதாக நினைக்கிறோம். சின்ன அணிக்கு அது ஸ்கிரீன் (காப்பவரின் வழியில் உடம்பால் மறித்து நிற்பது) வைத்த நொடியிலேயே போய்விடுகிறது.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். மினசோட்டாவின் எட்வர்ட்ஸ் கையில் பந்து, த்ரீ கோட்டுக்கு வெளியே. அவரைக் காப்பது ரீவ்ஸ். கோபேர் வந்து ஸ்கிரீன் வைக்கிறார். கோபேரைக் காத்த ஃபின்னி-ஸ்மித் எட்வர்ட்ஸை எடுக்கிறார், ரீவ்ஸ் கோபேரை எடுக்கிறார். அதுதான் ஸ்விட்ச். எட்வர்ட்ஸுக்குத் திறந்த ஷாட் இல்லை, இதுவரை நல்ல தடுப்பாட்டம். இப்போது கோபேரின் காலைப் பாருங்கள். அவர் பந்து கேட்கவில்லை. இரண்டு எட்டு வைத்து ரிங்குக்கு முன்னால் போய், முழங்காலை மடக்கி, ரீவ்ஸை முதுகால் தள்ளிக்கொண்டு நிற்கிறார். ஷாட் போகிறது, தவறுகிறது. ரீவ்ஸ் ஒரு தவறும் செய்யவில்லை. அவர் நிற்கும் இடம் கோபேரின் முதுகுக்குப் பின்னால், போர்டுக்கு அடியில். பந்து அவர் தலைக்கு மேலாகத் தாண்டி கோபேர் கைக்குப் போகிறது.

நாற்பது த்ரீ தவறினால் நாற்பது முறை இந்தச் சீட்டைக் குலுக்குகிறார்கள். அதனால்தான் த்ரீ விழாத அணியும் ஜெயித்தது.

பெரிய சென்டர் இருந்தால் ஸ்விட்ச் செய்யத் தேவையில்லை. அவர் பெயிண்ட் (ரிங்குக்கு முன்னால் உள்ள கட்டம்) பக்கம் ஒன்றிரண்டு எட்டு பின்வாங்கி, பந்துக்கும் ரிங்குக்கும் நடுவில் நிற்பார். கார்டு (வெளியே ஆடும் சின்ன ஆள்) ஸ்கிரீனைச் சுற்றித் தன் ஆளைத் துரத்துவார். பெரியவர் பெரியவரிடமே, சின்னவர் சின்னவரிடமே. ஷாட் ஏறும்போது உங்கள் 115 கிலோ அவர்களுடைய 115 கிலோவின் மேல் ஏற்கெனவே சாய்ந்திருக்கும். சென்டரின் முதல் வேலை பிளாக் என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில் அணியை ஸ்விட்ச் செய்யாமல் இருக்க விடுவதுதான் முதல் வேலை.

நெம்மாறை வடக்கு

ஸ்விட்ச் ஆகிவிட்டது, ரீவ்ஸ் சிக்கிவிட்டார். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாதா அக்கா?

மீனாட்சிபுரம்_போஸ்ட்

முடியும், இரண்டு வழி இருக்கிறது. இரண்டுக்கும் நேரம் தப்பக் கூடாது.

முதலாவது பின்பக்க மாற்று. பந்தில்லாத பக்கம் நிற்கும் பெரிய ஃபார்வர்டு, இங்கே ஹாச்சிமுரா என்று வையுங்கள், ஓடிவந்து ரீவ்ஸை வெளியே தள்ளிவிட்டுக் கோபேரை எடுப்பார். ரீவ்ஸ் ஹாச்சிமுராவின் ஆளிடம் ஓடுவார். பந்து பாஸாகிக் காற்றில் இருக்கும் நேரத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். பந்து ஒருவர் கையில் அடங்கியிருக்கும்போது செய்தால் அவர் தலையைத் தூக்கி, காலியான மூலைக்கு எறிந்துவிடுவார். சத்தமாகச் சொல்ல வேண்டும், "வெளியே, வெளியே" என்று தோளைப் பிடித்துத் தள்ள வேண்டும். 4-வது ஆட்டம் மாதிரி களைத்த கால்களோடு இருந்தால் முதலில் செத்துப்போவது இந்தச் சத்தம்தான்.

இரண்டாவது, சிக்கிய கார்டு ரீபவுண்ட் எடுக்க நினைக்கக் கூடாது. முதுகு கொடுத்து அடைத்து (பாக்ஸ் அவுட்) நின்றால் பெரியவர் தலைக்கு மேல் எட்டி எடுத்துவிடுவார். அதற்குப் பதில் அவரைப் பார்த்தபடி திரும்பி, ஷாட் ஏறும் நொடியில் முன்கையை மடக்கி இடுப்பெலும்பில் பதித்து, இரண்டு நொடி பிடித்து நிறுத்த வேண்டும். பந்தை மற்ற நால்வரும் எடுப்பார்கள். இதற்காக அந்த நால்வரும் உள்ளே ஓடிவர வேண்டும், ஒருவர்கூட வேகத் தாக்குதலுக்கு முன்னால் கிளம்பக் கூடாது. விலை இங்கேதான்: சின்ன அணியின் பலமே வேகம், ரீபவுண்டுக்கு ஐந்து பேரையும் கட்டிப்போட்டால் அந்த வேகம் போய்விடும்.

கோபாலபுரம் சுங்கம்

முன்னால் நின்று பாஸையே மறித்தால் என்ன? நம் பக்கத்துப் போட்டிகளில் குட்டையான பையன்களை அப்படித்தான் நிறுத்துகிறார்கள்.

வண்ணாமடை கிழக்கு

அது எனக்குப் பிடித்த தலைப்பு, பதில் சொல்லிவிடுகிறேன்.

முன்னால் நின்று மறிப்பது மூன்று பேர் செய்யும் வேலை. போஸ்டுக்கு, அதாவது ரிங்குக்கு அருகில் பந்துக்கு நிற்கும் பெரியவருக்கு, முன்னால் நிற்பவர் ஒருவர். பாஸ் கொடுப்பவர் மேல் ஒட்டி, கையை ஆட்டி, தலைக்கு மேல் நிதானமாக எறிய விடாதவர் இன்னொருவர். எதிர்ப்பக்கத்திலிருந்து ரிங்குக்கு அடியில் வந்து, மேலாக வரும் பந்துக்குக் காத்திருப்பவர் மூன்றாமவர். கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டாமவரால். பாஸ் கொடுப்பவருக்கு ஒரு எட்டு இடம் கிடைத்தாலும் பந்து உயரமாக, மெதுவாக, போர்டின் மூலையைக் குறிவைத்து வரும். முன்னால் நிற்பவர் எவ்வளவு குதித்தாலும் தொட முடியாது.

அமெரிக்க ஆட்டத்தில் மூன்றாமவருக்கு ஒரு சிக்கல் உண்டு. 2001-02 முதல் தடுப்பாட்டக்காரருக்கும் மூன்று நொடி விதி. யாரையும் ஒட்டிக் காக்காமல் பெயிண்டுக்குள் மூன்று நொடிக்கு மேல் நின்றால் எதிராளிக்கு ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும். அவர் உள்ளே வெளியே என்று கால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வெளியே போன நொடியைப் பார்த்துத்தான் நல்ல பாயிண்ட் கார்டு எறிவார். நாம் ஆடும் சர்வதேச விதியில் அது கிடையாது, மூன்றாமவர் அங்கேயே குடியிருக்கலாம். ஆகவே கோபாலபுரம் சொல்வது நம் கோர்ட்டில் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

இன்னொன்று, பந்து வந்த பிறகு மறிப்பது தாமதம். டக்கரும் கிரீனும் பெயர் வாங்கியது அதற்கு முந்தைய வேலையால். பெரியவர் எதிர்ப்பக்கத்திலிருந்து நடந்து வரும்போதே வழியில் மார்பைக் கொடுத்து, அவர் விரும்பும் இடத்துக்கு இரண்டு எட்டு வெளியிலேயே நிறுத்துவார்கள். ரிங்கிலிருந்து ஒன்றரை மீட்டரில் பந்து வாங்கினால் ஒரு திருப்பத்தில் முடியும். மூன்றரை மீட்டரில் வாங்கினால் தட்டி நகர வேண்டும், தட்டும்போது கார்டு கையை நுழைத்துத் திருடலாம்.

தத்தமங்கலம்_ரசிகை

எல்லாரும் தடுப்பாட்டத்தையே பேசுகிறீர்கள். லூகா இருக்கும் அணியில் சென்டர் இல்லாத நஷ்டத்தில் பாதி தாக்குதலில்தான்.

டல்லாஸில் அவருக்கு டெரிக் லைவ்லியும் டேனியல் காஃபர்டும் இருந்தார்கள். 2024-இல் இறுதிச் சுற்று வரை போனார்கள். இருவரும் ஸ்கிரீன் வைத்துவிட்டு ரிங்கைப் பார்த்து ஓடுவார்கள், லூகா மேலே தூக்கி எறிவார், காற்றிலேயே பிடித்து ரிங்குக்குள் குத்துவார்கள் (டங்க்). அந்தப் பந்தை எறியாத போதும் அதன் பயம் வேலை செய்யும். ஓடிவரும் ஏழடி ஆளை யாராவது தொட்டு நிறுத்த வேண்டும். அந்த யாராவது மூலையில் த்ரீ ஷூட்டரைக் காப்பவர். அவர் ஒரு எட்டு உள்ளே வந்தால் மூலை திறக்கும். வராவிட்டால் டங்க். லூகாவின் ஆட்டம் முழுக்க இந்த ஒரு எட்டில் நிற்கிறது.

லேக்கர்ஸ் ஐந்து பேரையும் வெளியே நிறுத்தியபோது மேலே பிடிக்க ஆளில்லை. மூலையில் நின்றவர்கள் அங்கேயே நின்றார்கள். கோபேரை வெளியே இழுத்துவிடலாம் என்பது திட்டம். அவர் வெளியே வந்தாலும் லூகாவோ லெப்ரானோ ஒற்றை ஆளாக அவரைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது, அதுவும் 40-வது நிமிடத்தில்.

ஜூலையில் போர்ட்லாண்ட் விடுவித்த டிஆண்ட்ரே ஏட்டனை எடுத்தது இந்த ஓட்டைக்குத்தான். 7 அடி, நல்ல கனம், கை மென்மை. 2018 தேர்வில் அவர் முதல், லூகா மூன்றாவது. என் கவலை ஒன்று. ஏட்டன் ரிங் வரை ஓடாமல் நடுவில் நின்று குட்டி ஜம்ப் ஷாட் போடுவதை விரும்புபவர். நடுவில் நின்றுவிட்டால் மூலையில் காப்பவர் உள்ளே வரத் தேவையில்லை. ஆள் வந்தாலும் அந்த ஒரு எட்டு வராது.

கொழிஞ்சாம்பாறை_5

இதை எதிர்பார்க்கவில்லை, சரியான இடத்தைத் தொட்டீர்கள். சரியான சென்டரை வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓக்லஹோமா சிட்டி இருக்கிறது. 2023-24-இல் 57 வெற்றி, மேற்கில் முதலிடம். உள்ளே ஒல்லியான செட் ஹோம்கிரன் மட்டும். இரண்டாம் சுற்றில் இதே லைவ்லி, காஃபர்ட் இருந்த டல்லாஸிடம் 4-2 தோல்வி. அந்தக் கோடையில் ஐசயா ஹார்டென்ஸ்டைனை மூன்றாண்டு, 8.7 கோடி டாலருக்கு எடுத்தார்கள். 7 அடி. உயரக் குதிப்பவர் இல்லை. கனமாக ஸ்கிரீன் வைப்பார், ரீபவுண்டில் முதல் இடி அவருடையது, குட்டிப் பாஸ் கொடுப்பார். அடுத்த பருவம் 68 வெற்றி, 2025 கோப்பை.

ஹோம்கிரனை விற்கவில்லை, அவர் பக்கத்தில் ஒருவரை வைத்தார்கள். எதிராளியைப் பார்த்து இருவரையும் இறக்கலாம், ஒருவரை மட்டும் இறக்கலாம். வண்ணாமடை சொன்ன சின்ன ஐவர் அணியும் அவர்களிடம் இருக்கிறது. வேண்டும்போது எடுக்கிறார்கள்.

கோபாலபுரம் சுங்கம்

நம் ஊருக்கு வருகிறேன். இங்கே பல அணிகள் "நம்மிடம் உயரம் இல்லை, ஐந்து பேரும் வெளியே நின்று த்ரீ போடலாம்" என்று கோல்டன் ஸ்டேட்டைப் பார்த்து ஆடுகின்றன. பாலக்காட்டுக் கணவாயில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அது நடக்காது. கஞ்சிக்கோட்டில் காற்றாலையைச் சுற்றும் அதே மேல்காற்று, சித்தூர்ப் பக்கம் திறந்தவெளி சிமெண்ட் கோர்ட்டிலும் அடிக்கிறது. பந்தின் எடை 600 கிராம் அளவுதான். 6.75 மீட்டரிலிருந்து எறிந்தால் உச்சிக்கு ஏறும்போது பக்கக் காற்று பிடித்துக்கொள்ளும். ரிங்கின் பக்கவாட்டில் பட்டு, காற்று தள்ளும் திசைக்கே தெறிக்கும். ஆடி மாதப் போட்டியில் உள்ளே ஒரு போஸ்ட் ஆள் இல்லாத அணி புள்ளி எடுக்கத் தடுமாறும். காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ரீபவுண்டர் நிற்பதைவிட, காற்று போகும் பக்கம் இரண்டு பேர் நிற்பது பலன் தரும்.

விதியும் பெரியவர் பக்கம். சர்வதேச விதியில் பந்து ரிங்கைத் தொட்டுவிட்டால், வளையத்துக்கு மேல் ஆடிக்கொண்டிருக்கும்போதே தட்டிவிடலாம். அமெரிக்க விதியில் அது குற்றம். 3.05 மீட்டரைத் தாண்டி விரலை நீட்டக்கூடிய ஒரே ஒரு பையன் இருந்தாலும் உள்ளே விழப்போன பந்தைக் காப்பாற்றலாம்.

நெம்மாறை வடக்கு

அந்தப் பையன்தான் வாலிபாலுக்குப் போய்விடுகிறானே. கேரளத்தில் 6 அடி 2 அங்குலம் வளர்ந்தால் முதலில் வலைக்கு முன்னால்தான் நிறுத்துகிறார்கள். நடுவில் பிளாக் செய்யும் பையனைக் கூட்டிவந்து சென்டராக்க முடியுமா? எவ்வளவு நாள் ஆகும்?

மீனாட்சிபுரம்_போஸ்ட்

முடியும், ஆறிலிருந்து எட்டு வாரம் ஒதுக்குங்கள். வாலிபால் பையனிடம் இரண்டு நல்ல பழக்கம் தயாராக இருக்கும். இரண்டு காலால் நின்ற இடத்திலிருந்தே குதிப்பான். வலையைத் தொட்டால் தவறு என்ற பயம் இருப்பதால் உடம்பு முன்னால் சாயாது. நேர்மேலே எழும்பித் தடுப்பதற்கு இதைவிட நல்ல அடித்தளம் இல்லை.

மூன்று கெட்ட பழக்கமும் வரும். கையை வலைக்கு மேலாக முன்னால் நீட்டிப் பழகியவன், இங்கே அதைச் செய்தால் ஷூட்டரின் கையில் அடி, ஃபவுல். ஐந்து ஃபவுலில் வெளியே. அடுத்து, செட்டரின் கையைப் பார்த்துக் குதித்துப் பழகியவன், பந்தைத் தூக்கிக் காட்டி ஏமாற்றினாலே பறந்துவிடுவான். மூன்றாவதுதான் பெரியது: அவனை எதிராளி ஒருநாளும் தொட்டதில்லை. இடுப்பில் ஒரு இடி வாங்கினால் விலகி நிற்பான்.

முதல் இரண்டு வாரம் பந்தே வேண்டாம். இருவரை முதுகோடு முதுகு நிறுத்தி, பெயிண்டுக்குள் ஐந்து நொடி தள்ளச் சொல்லுங்கள். கால் தோளைவிட அகலம், பின்பக்கம் முழங்கால் உயரத்துக்கு இறங்க வேண்டும். பத்து முறை, நடுவில் அரை நிமிட ஓய்வு. யார் இடுப்பு கீழே இருக்கிறதோ அவர் நகரமாட்டார், எடை குறைவானவரும் இதில் ஜெயிப்பதைப் பையன்களே பார்ப்பார்கள். மூன்றாம் வாரம் ஷாட் சேருங்கள். விதி ஒன்று: பந்து தரையில் விழும் வரை யாரும் எடுக்கக் கூடாது, ஆளை அடைத்து நிற்பது மட்டும். பந்து எடுப்பதை அனுமதித்தால் உயரமானவன் குதித்து எடுத்துவிட்டு, அடைப்பதைக் கற்காமலே போய்விடுவான். நான்காம் வாரத்திலிருந்து ஏமாற்றுப் பயிற்சி. ஷூட்டர் ஒரு முறையோ இரண்டு முறையோ தூக்கிக் காட்டுவார், ஷூட்டரின் கால் தரையைவிட்டு எழும்பிய பிறகே இவன் எழும்ப வேண்டும். தினம் இருபது.

தத்தமங்கலம்_ரசிகை

பெண்கள் அணிக்கும் இது பொருந்தும். கீது அன்னா ஜோஸ் 6 அடி 2 அங்குலம், ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணிக்கு ஆடியவர். கேரளத்துப் பயிற்சியாளர்கள் உயரமான பெண்ணைப் பார்த்தால் இன்றும் அவரைத்தான் சொல்வார்கள். ஒரு வித்தியாசம், பெண்கள் பந்து 6-ஆம் அளவு, சற்றுச் சின்னது, பிடிக்க எளிது. ரீபவுண்ட் எடுத்ததும் பந்தை நெஞ்சுக்கு இறக்காமல் தாடைக்குக் கீழே, முழங்கை இரண்டும் விரிந்த நிலையில் வைக்கச் சொல்லுங்கள். இறக்கினால் குட்டைக் கார்டுகள் கீழிருந்து தட்டிவிடுவார்கள்.

வண்ணாமடை கிழக்கு

ஒரு சந்தேகம் அக்கா. பின்பக்க மாற்றை எங்கள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தால், வெளியே தள்ளப்பட்ட கார்டு எந்த ஆளிடம் போவது என்று குழம்பி நடுவில் நின்றுவிடுகிறான்.

மீனாட்சிபுரம்_போஸ்ட்

அவனை ஆளைத் தேட விடாதீர்கள். தள்ளப்பட்டவன் எப்போதும் பந்தில்லாத பக்கத்து மூலைக்கு ஓட வேண்டும் என்று ஒரே இடத்தைச் சொல்லிவையுங்கள். அங்கே யார் நின்றாலும் அவர் இவன் ஆள். பாஸ் அங்கே போய்ச் சேர ஒரு நொடிக்கு மேல் ஆகும், பெயிண்டிலிருந்து மூலைக்கு நாலைந்து எட்டு. பார்க்காமல் ஓடினால் எட்டிவிடலாம். கண்ணைச் சுழற்றி ஆளைத் தேடிவிட்டு ஓடினால் எட்ட முடியாது.